நல்லசாமி எழுதிய அறிக்கை

எனக்குக் கீழே வேலை பழக ஒரு ஆள் தருகிறோம் என்று ஜி.எம். சொன்னபோது, டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடுகிற யாராவது ஒரு பெண் வருவாள் என்று நினைத்திருந்தேன். ஜூலை மாதம் முதல் திங்கட்கிழமை, சாரலில் நனைந்த ஸ்வெட்டரோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவருக்கு நாற்பத்தாறு வயது. எனக்கு முப்பத்தொன்று. பெயர் நல்லசாமி, ஊர் கொடைக்கானல் மேல்மலையில் போளூர், படிப்பு பத்தாம் வகுப்பு பாஸ், அதுவும் முப்பது வருஷத்துக்கு முன்னால். வந்த கோபத்தில் நேரே ஜி.எம். கந்தவேலின் அறைக்குப் போனேன்.

"சார், நான் கேட்டது சேஃப்டிக்கு ஆளு. கேட்ல நிறுத்துற செக்யூரிட்டி இல்ல."

அவர் சிரித்தார். "பத்தாவது போதும்னு இன்சூரன்ஸ்காரங்க ரூல்லயே இருக்கு பிரின்ஸி. டவுன் பிள்ளைகளைப் போட்டா ரெண்டு மாசத்துல கோயம்புத்தூருக்கு ஓடிருதுக. இவரு எங்கயும் போக மாட்டாரு."

கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் எங்கள் ரிசார்ட்டுக்கு அறுபத்து நான்கு அறைகள். பாதுகாப்பு அதிகாரி என்று போர்டு மாட்டிய அறையில் நான் ஒருத்திதான். படிப்பை மதுரையில் முடித்து, ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நாலு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, அம்மாவுக்கு முடியாமல் போனதும் மலையேறி வந்தவள். எனக்கு அடுத்தபடியாகச் சான்றிதழ் பெற்ற இன்னொரு ஆள் இருக்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனி ஒற்றைக்காலில் நின்றதால்தான் நல்லசாமி வந்தார். ஆறு மாதம் என்னிடம் வேலை பழக வேண்டும், பழகியதையெல்லாம் ஒரு கோப்பில் எழுத வேண்டும், நிஜமாக நடந்த ஒரு விபத்தைத் தானே விசாரித்து அறிக்கை வைக்க வேண்டும், கடைசியில் மதுரைக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். தேறினால் பாதுகாப்பு மேற்பார்வையாளர், வேலை நிரந்தரம். தேறாவிட்டால் மார்ச்சோடு வீட்டுக்கு.

அந்த வேலை அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அவர் வாய் திறந்து சொல்லவில்லை. மூன்று வருஷமாக அவருடைய பூண்டுத் தோட்டத்தில் காட்டுமாடு இறங்குகிறது என்பதும், மகள் ரம்யா திண்டுக்கல்லில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள் என்பதும் கேண்டீனில் காதில் விழுந்ததுதான். அவர் செய்ததெல்லாம், ரம்யாவின் பழைய பள்ளி நோட்டு ஒன்றில் மீதி இருந்த தாள்களைப் பிரித்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து, "சொல்லுங்க மேடம்" என்றதுதான்.

நானும் சொன்னேன். அவர் எழுதினார். ஹசார்டு, ரிஸ்க், பெர்மிட், ஆடிட் என்று எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில், முத்து முத்தாக. இரண்டாவது வாரம் ஹசார்டுக்கும் ரிஸ்க்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். டிப்ளமோ படித்தவர்களே முழிக்கிற கேள்வி.

"காட்டுமாடு ஹசார்டுங்க மேடம். அது பாட்டுக்குக் காட்டுக்குள்ள மேஞ்சுக்கிட்டுக் கெடக்கு. அது நம்ம தோட்டத்துக்குள்ள எறங்குமா, எறங்குனா நம்மள முட்டுமான்னு பாக்குறோம்ல, அது ரிஸ்க்கு."

புத்தகத்தில் அரைப் பக்கம் எழுதியிருந்ததை விட அது நன்றாக இருந்தது. ஆனால் அதைச் சொல்லாமல், "பரீட்சையில காட்டுமாடுன்னு எழுதிடாதீங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். யாரையும் எளிதில் பாராட்டிவிடுகிற ஆள் இல்லை நான்.

மூன்றாவது மாதத்தில் அவர் என்னையே வேலை வாங்க ஆரம்பித்தார். கேஸ் சிலிண்டர்களுக்குச் சங்கிலி போட வைத்தார். லாண்டரிக்குப் போகிற படியில் பாசி பிடித்திருந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே சுரண்டினார். தீயணைப்பு ஒத்திகை நடந்ததாக மாதாமாதம் என் மேசையில் உட்கார்ந்தே பதிவேட்டில் எழுதி வந்தோம் என்பது தெரிந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "நடக்காததை நடந்துச்சுன்னு எழுதலாமாங்க மேடம்?" என்றார். வெட்கம் தாங்காமல் அந்த மாதம் நிஜமாகவே மணியை அடித்தோம். தேனிலவுக்கு வந்த ஜோடி ஒன்று துண்டோடு புல்தரைக்கு ஓடிவர, ஜி.எம். என்னை அரை மணி நேரம் நிற்க வைத்துக் காய்ச்சினார். நல்லசாமி பதிவேட்டில் எழுதினார்: "ஒத்திகை நடந்தது. ஆறு நிமிடம் ஆனது. இரண்டு பேர் சரியான உடையில் இல்லை."

அந்த மனிதரிடம்தான் நான் என் தொழிலின் முதல் பாடத்தைப் பெருமையாகச் சொல்லியிருந்தேன். ஒரு விபத்து நடந்தால் யார் மேல் தப்பு என்று தேடுவது போலீஸ் சோலி, ஏன் நடந்தது என்று தேடுவதுதான் நம் சோலி. உண்மையை எழுதுகிறவருக்கு ஒன்றும் ஆகாது. தகவல் சொல்பவருக்குத் தண்டனை இல்லை என்று கிச்சன் வாசலில் ஜி.எம். கையெழுத்தோடு ஒரு போர்டு கூட மாட்டியிருந்தது. அவர் அதைப் போய்ப் படித்துவிட்டு வந்து, நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார்.

ஐந்து 'ஏன்' கேட்கிற முறையையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒன்று நடந்தால் ஏன் என்று கேள், வந்த பதிலுக்கும் ஏன் என்று கேள், அப்படி ஐந்து முறை. நடுவில் ஒரு மனிதனின் பெயர் வந்தால் அங்கே நின்றுவிடாதே, அவனைத் தாண்டிப் போனால்தான் நிஜக் காரணம் கிடைக்கும். இதையும் எழுதிக்கொண்டார்.

ஜனவரி இரண்டாவது வாரம். பகல் மூன்று மணிக்கே மேகம் தரையில் இறங்கி, எதிரே வருகிற ஆள் தெரியாத ஒரு வியாழக்கிழமை. பெரிய கல்யாணக் கூட்டம் ஒன்று சாப்பிட்டு முடித்திருந்தது. காய் நறுக்குகிற அன்னக்கொடியும் பாத்திரம் தேய்க்கிற சுகன்யாவும் முழங்கை வரை நனைந்து, பல் கிட்டிப்போய், கிச்சனுக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய ஓய்வறைக்குப் படுக்கப் போனார்கள். அந்த வழியாக வந்த நல்லசாமியிடம் அன்னக்கொடி, "அண்ணே, கொஞ்சம் கங்கு இருந்தாக் கொண்டாங்கண்ணே, வெரச்சுப்போச்சு" என்று கேட்டிருக்கிறாள்.

பார்பிக்யூ அடுப்பில் கரி கனன்று கிடந்தது. அதை ஒரு இரும்புச் சட்டியில் அள்ளினார். இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். போளூர் பக்கம் பூண்டைத் தாளோடு முடிந்து வீட்டுக்குள்ளேயே கழிகளில் தொங்கவிட்டு, அடியில் அடுப்புப் புகை படும்படி வைப்பார்கள். புகை பட்டால்தான் பூண்டு கெடாது. அந்தப் புகைக்குள் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புகையின் நல்லது கெட்டது அத்துப்படி. கண்ணை எரிக்கிற புகை ஆகாது, புகை அடங்கின கங்கு ஒன்றும் செய்யாது, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குழந்தையைக் கூடத் தூங்க வைக்கலாம். இது அவர்கள் கணக்கு. ஓட்டு இடுக்கிலும் பலகைச் சந்திலும் காற்று புகுந்து புறப்படுகிற அந்த வீடுகளில் அந்தக் கணக்கு பொய்த்ததே இல்லை.

நல்லசாமி அந்தக் குளிரில் வெளியே நின்று, கடைசி இழை புகையும் அடங்குகிற வரை காத்திருந்தார். அதற்குப் பிறகுதான் சட்டியை உள்ளே வைத்தார். தீ பிடித்தால் அணைக்கப் பக்கத்தில் ஒரு வாளி மணலும் வைத்தார், நான் சொல்லிக் கொடுத்தபடி. குளிர் உள்ளே போகக்கூடாதென்று கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

நாற்பது நிமிஷம் கழித்து, தீயைத் தனியே விடக்கூடாது என்ற பாடம் ஞாபகம் வந்து அவரே திரும்பப் போனார். சுகன்யா வாந்தி எடுத்துக்கொண்டு தரையில் ஊர்ந்துகொண்டிருந்தாள். அன்னக்கொடி எழுப்ப எழுப்ப எழவில்லை. இரண்டு பேரையும் தனி ஆளாக வெளியே இழுத்துப் போட்டுவிட்டு அவர் கத்திய சத்தம் என் அறை வரைக்கும் கேட்டது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். சுகன்யா மறுநாளும் அன்னக்கொடி மூன்றாம் நாளும் வீடு திரும்பினார்கள். கர்த்தர் புண்ணியம், வேறென்ன சொல்ல.

ஆஸ்பத்திரி வாசலில் நல்லசாமி என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "மேடம், கார்பன் மோனாக்சைடுன்னு படிச்சோமே, நெறம் இல்ல, மணம் இல்லன்னு. அதுதானா இது?"

அவருக்கு அது மனப்பாடம். எந்த அளவுக்கு மேல் போனால் ஆள் சாவான் என்பது வரை சொல்வார். நான் காட்டிய படத்தில் ஒரு ஜெனரேட்டரும் மூடிய கேரேஜும் இருந்தன. கங்குச் சட்டி இல்லை. குளிர் காலத்தில் உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று ஆறு மாதத்தில் ஒரு தரம் கூட நான் கேட்டதில்லை. கொடைக்கானலில் பிறந்து, சிறுவயதில் நானும் கரி அடுப்புப் பக்கம் கை நீட்டிக் குளிர் காய்ந்தவள்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அந்தச் சுரைக்காயை வரைந்து கொடுத்தவள் நான்.

விசாரணை அறிக்கையை யார் எழுதுவது என்ற பேச்சே எழவில்லை. கோப்பில் வைக்க நிஜமாக நடந்த ஒரு விபத்து வேண்டும். நடந்துவிட்டது. நல்லசாமி மூன்று நாள் உட்கார்ந்து ஏழு பக்கம் எழுதினார். "மணி 2.50. நல்லசாமி ஆகிய நான் சட்டியை உள்ளே வைத்தேன். புகை இல்லை என்று பார்த்துத்தான் வைத்தேன். புகை இல்லாதது ஆபத்து இல்லை என்று நினைத்தேன். கதவை நான்தான் சாத்தினேன்." நான் பல தொழிற்சாலை அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். "சட்டி வைக்கப்பட்டது", "கதவு சாத்தப்பட்டிருந்தது" என்றுதான் எல்லாவற்றிலும் இருக்கும், எல்லாம் தானாக நடந்த மாதிரி. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு, அதில் ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் எழுதியவரை நான் பார்த்ததில்லை.

"அண்ணே, உங்க பேரை இத்தனை தடவை எழுதணுமா?" என்றேன்.

"நடந்தது அதுதானங்க மேடம். உண்மையை எழுதுனா ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

அப்போது எனக்கே அது நிச்சயமில்லை. ஆனாலும் "ஆமா, ஆகாது" என்றேன்.

ஐந்து ஏன்களில் மூன்றை அவர் எழுதியிருந்தார். ஏன் மயங்கினார்கள்? விஷக்காற்று. ஏன் விஷக்காற்று வந்தது? மூடிய அறையில் கங்கு. ஏன் கங்கு உள்ளே வந்தது? நல்லசாமி வைத்தான். மீதி இரண்டை இருவரும் சேர்ந்து எழுதினோம். நல்லசாமி ஏன் வைத்தான்? புகை அடங்கினால் ஆபத்தில்லை என்பது ஊர் வழக்கம், அது தப்பு என்று பயிற்சி கொடுத்த பிரின்ஸி சொல்லவில்லை. அறைக்குள் ஏன் காற்று வரவில்லை? குரங்கு புகுந்து சாப்பாட்டைத் தூக்குகிறது என்று வென்டிலேட்டரைப் பலகை வைத்து அடித்துவிட்டார்கள். அடிக்கச் சொன்னது நிர்வாகம்.

கந்தவேல் சார் அதைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்து, நாலாவதையும் ஐந்தாவதையும் ஒரே கோடாக அடித்தார்.

"ஆளோட பேருதான் மூணாவதுலயே வந்துருச்சே பிரின்ஸி. அதுக்கு மேல என்ன ஏன்?"

"சார், பலகை அடிக்கச் சொன்னது நீங்க. சரின்னு கையெழுத்துப் போட்டது நான்."

"அதான் சொல்றேன். அதுக்கு மேல போனா நீங்களும் வர்றீங்க, நானும் வர்றேன். மூணோட நிறுத்தி ஃபேர் காப்பி போட்டுக் குடுங்க. அவரோட கோப்புலயும் அதுதான் இருக்கணும். அப்பத்தான் நான் சைன் பண்ணுவேன். முப்பத்தொண்ணு கடைசி நாளு, ஞாபகம் வெச்சுக்கங்க."

கோப்பில் அவர் கையெழுத்தும் வேண்டும், என் கையெழுத்தும் வேண்டும். போடாவிட்டால் கோப்பு மதுரைக்குப் போகாது, நல்லசாமி பரீட்சை எழுத முடியாது. போட்டால், விபத்துக்குக் காரணம் நல்லசாமி, அத்தோடு முற்றும். இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்பது கூடப் பொய், இரண்டு நாள் அழுதேன். நல்லசாமியிடம் கோப்பைக் காட்டி, நாலும் ஐந்தும் இல்லை என்றேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பாதில நிக்குதேங்க மேடம். மார்க்கைக் கொறைச்சிருவாங்களே?"

அவருடைய கவலை அதுவாக இருந்தது. நான் என்ன கவலைப்படுகிறேன் என்பதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பரீட்சைக்குப் படிக்க மாட்டார் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன். வேறொரு காரணமும் உண்டு. இந்த மலையில் எனக்கும் வேறு வேலை இல்லை. "கொறைக்க மாட்டாங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி நடுவில் பரீட்சை. வெள்ளனே எழுந்து முதல் பஸ்ஸில் இறங்கிப் போய் எழுதிவிட்டு மறுநாள் காலை வேலைக்கு வந்துவிட்டார். எல்லாக் கேள்விக்கும் எழுதினேன், ஒன்றையும் விடவில்லை என்றார். எனக்கு ஒரு பொட்டலம் பால்கோவா கூட வாங்கி வந்திருந்தார். அதற்கடுத்த திங்கட்கிழமை அவரை வேலையை விட்டு நிறுத்திய கடிதம் வந்தது. "தாங்களே தங்கள் கைப்பட எழுதி ஒப்புக்கொண்டபடி" என்று ஆரம்பித்து, அவருடைய அறிக்கையிலிருந்து நாலு வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். பரீட்சை முடிகிற வரை எதற்குப் பொறுத்தார்கள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

ஜி.எம். அறையில் போய்க் கத்தினேன். வாசல் போர்டைச் சொன்னேன். "போர்டு தகவல் சொல்றவங்களுக்கு. இவரு தப்புப் பண்ணவரு" என்றார். வேலையை விடுகிறேன் என்று கூடச் சொன்னேன். "யோசிச்சுச் சொல்லுங்க, அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். நான் வெளியே வந்துவிட்டேன். கிச்சனில் அன்னக்கொடி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "எங்கள இழுத்துப் போட்டவரே அவருதானங்க மேடம், நாங்க வேணா எழுதித் தரட்டுமா?" என்றாள். எழுதியும் தந்தாள். சுகன்யா கைநாட்டு வைத்தாள். அந்தத் தாளை ஜி.எம். வாங்கி ஒரு ஃபைலுக்குள் வைத்தார், அவ்வளவுதான்.

வட்டக்கானலில் எனக்குத் தெரிந்த ஸ்டீவன் ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறார். அவரிடம் நல்லசாமியை அனுப்பினேன். ஸ்டீவன் போன் செய்தார். "பிரின்ஸி, ஆளு தங்கமாத்தான் தெரியுறாரு. ஆனா கடைசியா வேலை பார்த்த எடத்துல எதுக்கு நிறுத்துனாங்கன்னு லெட்டர்ல பாதுகாப்பு விதி மீறல்னு போட்டுருக்கே. அதை வெச்சுக்கிட்டு நான் அவரை எப்படி சேஃப்டிக்குப் போடுறது?" அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் மாதம் சான்றிதழ் வந்தது. பரீட்சைக்கு அனுப்பியது ரிசார்ட் என்பதால் ரிசார்ட் முகவரிக்கே வந்தது. முதல் வகுப்பு. நான் நல்லசாமிக்குச் சொல்ல போனை எடுத்தபோது ஜி.எம். சான்றிதழை வாங்கி, சட்டம் போட்டு, ரிசப்ஷனுக்குப் பின்னால் என் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லிவிட்டார். "இருபதாம் தேதி இன்சூரன்ஸ் ஆளு வர்றாரு. அது முடியட்டும், குடுத்துரலாம்." பரீட்சை வரைக்கும் பொறுத்தது ஏன் என்பது அப்போது விளங்கியது.

இருபதாம் தேதி வந்த இன்சூரன்ஸ் ஆய்வாளர் வயதான மனிதர், பொறுமைசாலி. சுவரில் இருந்த இரண்டு சான்றிதழ்களையும் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார். நல்லசாமியின் பயிற்சிக் கோப்பையும் கேட்டு வாங்கினார். அந்த ஏழு பக்கத்தை நின்றபடியே முழுதாகப் படித்துவிட்டு, "இவர் எங்கே? ஒரு வார்த்தை பேசணுமே" என்றார்.

"லீவுல இருக்காரு சார்" என்றார் கந்தவேல். பிறகு என்னைப் பார்த்தார். ஆய்வாளரும் என்னைப் பார்த்தார்.

"ஆமா சார். ஊருக்குப் போயிருக்காரு" என்றேன்.

"தன் தப்பைத் தன் கையால இப்படி எழுதுற ஆளை என் சர்வீஸ்ல பார்த்ததில்லம்மா. இவரை விட்டுறாதீங்க" என்று சொல்லிக் கோப்பை என் கையில் கொடுத்தார். எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே சட்டத்தைக் கழற்றச் சொல்லி, சான்றிதழை வாங்கிக்கொண்டு நல்லசாமிக்குப் போன் செய்தேன். தோட்டத்தில் இருந்தார், காற்று இரைந்தது. முதல் வகுப்பில் தேறிவிட்டீர்கள், சான்றிதழ் என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். பூண்டு பிடுங்கிக்கொண்டிருக்கிறோம், வியாழக்கிழமை வருகிறேன் என்றார். பிறகு, "மார்ச்சுல வர்றதாச் சொன்ன இன்சூரன்ஸ் ஆளு வந்தாராங்க? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று விசாரித்தார்.

"முடிஞ்சுது அண்ணே. உங்களைத்தான் கேட்டாரு. உங்க அறிக்கையைப் படிச்சாரு, ரொம்ப நல்லாச் சொன்னாரு."

"அப்படிங்களா" என்றார். குரலில் சந்தோஷம் தெரிந்தது. "நான் எங்கன்னு கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீங்க மேடம்?"

அவரிடமாவது பொய் சொல்லக்கூடாது என்று தோன்றியது. "லீவுல இருக்கீங்கன்னு சொல்லிட்டேண்ணே" என்றேன்.



"எத்தன நாள் லீவுன்னு சொன்னீங்க மேடம்?"

கேலியாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்த மனிதர் என்னிடம் ஒருநாளும் கேலி பேசியதில்லை.

"அதை அவரு கேக்கலண்ணே" என்றேன்.